நிரம்பாத கட்டம்

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மூத்தவனான நான், இறந்துபோன என் தம்பியின் மனைவி, அவர்கள் மகள், பல் மருத்துவரான மருமகன். கூட இருந்ததாகச் சொல்லித் திரியும் மற்றவர்களை நம்ப வேண்டாம்.

தம்பி துறைமுகத்தில் சங்கேதச் செய்திகள் எழுதும் வேலை பார்த்தவன். தொண்டை நோயில் குரல் போன பிறகு, மனைவியிடமும் அப்படித்தான் பேசினான். பார்க்க வருபவர்கள் படித்துவிடக் கூடாதல்லவா? எழுத்துகளை எண்களாக்கி, இருவர் மட்டுமே அறிந்த ஒரு சொல்லை வைத்து அவற்றைக் கலைத்து, கட்டத்துக்கு ஐந்தாக எழுதுவான். செய்தி முடிந்ததும், கடைசிக் கட்டத்தில் மிஞ்சும் இடத்தைப் பூஜ்யச் சுழிகளால் நிரப்புவான். அதன்பின்தான் பென்சிலைக் கீழே வைப்பான்.

கடைசித் தாளில் சுழி இல்லை. அதற்குள் உயிர் போய்விட்டது.

மகள் தாயை அழைத்துப்போக வந்திருந்தாள். பெட்டியும் கட்டியாயிற்று.

“மாமா மளிகைச் சீட்டையே பூட்டு போட்டுத்தான் எழுதுவார். சாவியைத் தேடி மாளாது, கிளம்புங்க அத்தை” என்றார் மருமகன்.

“சாவி எங்கிட்டதான் இருக்கு மாப்ளே. செய்திதான் பாதியில நிக்குது.”

அவள் அதைப் பலமுறை பிரித்துப் படித்திருந்தாள். ‘நீ இனிமேல்.’ அவ்வளவுதான்.

வெளியே மழை ஓய்ந்திருந்தது. அறையில் ஈர மரத்தின் வாடை. திடீரென்று அவன் மருந்தின் நெடியும் சேர்ந்துகொண்டது.

பென்சில் உரசியது.

ஐந்து எண்கள் எழுதும் நேரம். நிறுத்தம். மறுபடி உரசல்.

யார் கையிலும் பென்சில் இல்லை.

“பெரியப்பா...” மகள் என் கையைப் பிடித்தாள். “அப்பாவா?”

மருமகன் கதவோரம் போய்விட்டார்.

அந்தக் கடைசித் தாளில் புதிய எண்கள் இருந்தன. தம்பி மனைவி விரல்விட்டு எண்ணிப் பிரித்தாள்.

“என்னம்மா சொல்றாரு?”

“மகளோட போய் இருக்கச் சொல்றாரு.”

கடைசிக் கட்டத்தில் மூன்று சுழிகள்.

அவள் வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, மூன்றையும் துடைத்து அழித்தாள்.

“அவரு இன்னும் முடிக்கல. பெட்டியப் பிரிடி.”

அவள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். செத்தவன் பெண்டாட்டியைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று ஊரில் பேசுகிறார்கள். பொய். என் தம்பி தினமும் சுழியிட்டு அவளுக்கு விடை கொடுக்கிறான். தினமும் அதை அழிப்பவள் அவள்.