பொன்சுதாவின் மெய்த்தகடு

"உன் பேர் என்னம்மா?"

ஆறாம் வகுப்பில், பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி பொன்சுதாவிடம் கேட்ட கேள்வி இது. எழுந்து நின்று பேரைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கழுத்துக் குழியில் ஒட்டியிருந்த மெய்த்தகடு மிளகாய்ப்பழமாய்ச் சிவந்துவிட்டது. "பேர்லகூடவா பொய்?" என்றார் அதிகாரி. வகுப்பே சிரித்தது. அதன்பின் எந்த வாய்மொழித் தேர்விலும் அவள் தேறவில்லை. விடை சரியாக இருந்தாலும், தகடு சிவந்தால் காப்பியடித்ததாகத்தான் கொள்வார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

இப்போது அவளுக்கு வேலை தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தகட்டுக் கடையில். தேய்ந்த மெய்த்தகடுகளுக்குப் புதிதாகப் பொன் பூச வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவு கண்ணாடி; அதில் மயிரிழையை விட மெல்லிய வரிகள் அடுத்தடுத்து; மேலே ஒரு பொன்பூச்சு, அவ்வளவுதான். ஒளி பட்டதும் பொன்னின் மேற்பரப்பில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலையடித்து, ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். பரப்பலை ஒத்ததிர்வு என்று அதற்குப் பெயர். வியர்வையில் பதற்றத்தின் மூலக்கூறுகள் வந்து பொன்னில் ஒட்டினால், விழுங்கும் நிறம் மாறிப்போகும். பச்சையாகத் தெரிந்த தகடு சிவப்பாகத் தெரியும். பச்சை என்றால் மெய், சிவப்பு என்றால் பொய். வங்கி, நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் இந்த விதியில்தான் நடந்தன. கல்யாண வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினாறாவது மாடியில் இருந்த வீட்டுக்கு அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தரகர் லிங்கதுரை அண்ணாச்சி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நேருக்கு நேரா உக்காருங்க. கோணம் மாறுனா நிறமும் மாறிப்போவும். போன வாரம் ஒரு வீட்டுல சித்தப்பா ஒருத்தர் ஓரமா உக்காந்து பச்சைய மஞ்சள்னுட்டாரு. சம்பந்தமே முறிஞ்சிட்டு."

மாப்பிள்ளை சுயம்பு துறைமுகத்தில் புகார் மேசையில் இருப்பவன். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எதற்கும் அசையாதவன்.

"பொண்ணப் புடிச்சிருக்கா தம்பி?"

"புடிச்சிருக்கு."

வாழையிலைப் பச்சை. அவன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்மவன் எப்பவும் பச்சைதான். மூணு வயசுல பால் சட்டிய ஒடைச்சிட்டு நான் இல்லன்னு சொன்னான் பாருங்க, அப்பவும் பச்சை. பூனையத்தான் அடிச்சோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பொன்சுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்து எண்ணைப் படித்துச் சொல்வது போல அல்லவா பிடித்திருக்கிறது என்கிறான்! இந்த முகத்தை ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட முடிவு செய்தாள்.

"ஒனக்கு எப்படி, தாயி?"

"புடிக்கல."

தகடு குப்பென்று சிவந்தது. அண்ணாச்சி கையைத் தட்டினார். "அப்பப் புடிச்சிருக்கு!"

"ஐயோ, நெசமாத்தான் சொல்லுதேன். புடிக்கல!"

"பாருங்க, இன்னும் செவக்கு. ரொம்பல்லா புடிச்சிருக்கு!"

பொன்சுதாவின் அம்மா செல்வக்கனி மைசூர்பாகுத் தட்டை எடுத்து வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி குலவையே போடத் தொடங்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் தேதி குறித்துவிடுவார்கள். பொன்சுதா எழுந்து நின்றாள்.

"சரி அண்ணாச்சி. புடிச்சிருக்கு. ரொம்ப ரொம்பப் புடிச்சிருக்கு. நாளைக்கே தாலி கட்டச் சொல்லுங்க."

அதே சிவப்பு. குலவை பாதியில் நின்றது. அண்ணாச்சியின் வாயில் மைசூர்பாகும் நின்றது.

"அப்பப் புடிக்கலயா?"

"புடிக்கலன்னேன், பொய்யின்னீங்க. புடிச்சிருக்குன்னேன், இதுவும் பொய்யின்னா எம்மனசுல என்னதான் இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எப்படி எண்ணியும் கணக்கு சரியாக வரவில்லை.

"பொண்ணுக்குத் தகடு பழுது," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"பழுதில்ல அத்த. நேத்துதான் நானே பொன் பூசுனேன். அதுக்கு வெக்கமும் தெரியாது, பொய்யும் தெரியாது. படபடப்பு இருக்கா இல்லியான்னு மட்டுந்தான் தெரியும். ஒங்க மவனுக்கு என்னப் புடிச்சிருக்கோ என்னமோ, படபடப்பு மட்டும் துளிகூட இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சுயம்பு!

"தம்பி, நீங்களாவது தெளிவாச் சொல்லுங்க. புடிச்சிருக்கா?" என்று கெஞ்சினார் அண்ணாச்சி.

அவன் பொன்சுதாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கழுத்தில் இருந்த பச்சையின் ஓரம் மெல்ல மஞ்சளானது.

"ஏலே, ஒனக்கு என்னாச்சு?" என்று அவன் அம்மா பதறினாள்.

மஞ்சள் ஆரஞ்சாகியது. கோபத்தின் சிவப்பு சட்டென்று அடிக்கும். இது வெட்கத்தின் சிவப்பு, படிப்படியாக ஏறுகிறது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற பொன்சுதாவுக்கு இது தெரியாதா? இப்போது போய்ப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது நிஜமாகவே பொய்யாகிவிடுமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

சுயம்பு தகட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். எழுந்தான். வலது செருப்பை இடது காலில் மாட்டிப் பார்த்து, பிறகு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டான். மின்தூக்கி வாசல் திறந்தபடி நிற்க, அதைத் தாண்டி, பதினாறு மாடிப் படிகளிலும் இறங்கிப் போனான்.