தம்புரா இல்லாத இசைத்தட்டு

இசைத்தட்டு வாங்கப் போகிற இடத்துக்கெல்லாம் வேல்பாண்டி தனியாகத்தான் போவார். அன்றைக்கு என்னவோ, "நீயும் வாயேன் கல்பனா, மடவார் வளாகம் கோயிலுக்குப் போன மாதிரியும் இருக்கும்" என்றார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? கல்பனா சேலையை மாற்றிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள். ஒரே மகள் கனகலட்சுமியைக் கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீடு வெறிச்சென்று கிடந்தது. எங்காவது போய் வந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் தோட்டம் வாங்குவார்கள், நாய் வளர்ப்பார்கள். வேல்பாண்டி பழைய இசைத்தட்டு வாங்கினார். வால்வு ரேடியோ, சாவி கொடுத்தால் சுற்றும் கிராமபோன், பித்தளைக் குழாய் என்று முன்னறை முழுக்க அடைசல். பாட்டைக் கேட்பதோடு விடுகிற ஆளும் இல்லை. பாடுகிறவருக்குப் பின்னால் எந்த வாத்தியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "வயலின்காரர் இடது கைப்பக்கம். மிருதங்கம் செத்த தள்ளி" என்பார். சும்மா சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாகக் கேட்டுக்கொண்டிருந்த கல்பனாவுக்கே கோட்டு வாத்தியமும் ஜலதரங்கமும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது அவரால்தான்.

கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்தவள் பரிபூரணம். எழுபதைத் தொட்ட வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூட யாரும் இல்லை. அவளுடைய அப்பா ரத்தினம் ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர்பெற்ற பாடகர். அவர் பாடி வெளிவந்த ஒரே ஒரு இசைத்தட்டைத்தான் வேல்பாண்டி தேடி வந்திருந்தார்.

உள்ளே பட்டப்பகலிலேயே இருட்டு. நெடுநாள் பூட்டிவைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை. அதற்கடியில் அரைத்த மஞ்சளின் ஈர வாசனை. சமையல் நடக்கிற வீடு மாதிரி இல்லையே, மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று கல்பனா யோசித்தாள்.

பரிபூரணம் தட்டைச் சுழலவிட்டாள். ரத்தினத்தின் குரல் எழுந்தது. கல்பனாவுக்கே நெஞ்சை என்னவோ செய்தது. அப்படி ஒரு குரல். ஆனால் வேல்பாண்டியின் முகம் சுருங்கியது.

"தம்புரா எங்க?" என்றார். "கச்சேரில தம்புரா இல்லாம இருக்காது. அது உக்காந்த எடம் காலியாக் கெடக்கு. எடம் தெரியுது, சத்தம் இல்ல."

பரிபூரணம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இத்தன வருசத்துல ஒருத்தரும் இதக் கேட்டதில்ல" என்று சொல்லி, அவரை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். குசுகுசுவென்று நெடுநேரம் பேச்சு. வெளியே வந்தபோது வேல்பாண்டியின் கையில் இசைத்தட்டோடு, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு தம்புராவும் இருந்தது.

பரிபூரணம் வாசல்வரை வந்தாள். கல்பனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தையே பார்த்தாள்.

அந்தத் தம்புராவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம்வரை வந்தவள் கல்பனாதான்.

அதற்குப் பிறகு வேல்பாண்டி ஆளே மாறிப்போனார். கல்பனா அங்கன்வாடி டீச்சர். நாளெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அவரிடம் சொல்ல ஏதாவது பேச்சு வைத்திருப்பாள். இத்தனை வருடமாக வெறும் "உம்" கொட்டிக்கொண்டிருந்தவர், இப்போது அவளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். ஆடி பிறந்ததும், "தாலிக்கயிறு எம்புட்டு நைஞ்சு போச்சு பாரு. பதினெட்டாம் பெருக்குக்கு மாத்திரு" என்று அவராகவே சொன்னார். புருஷன் இதையெல்லாம் கவனிக்கிறாரே என்று கல்பனாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லிக்கூட வைத்தாள்.

ஆடிப் பதினெட்டு அன்று புதுக்கயிறு மாற்றிக்கொண்டாள். கழற்றிய பழைய கயிறு கால் படுகிற இடத்தில் கிடக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும், இல்லையென்றால் மரத்தில் கட்ட வேண்டும். "குடு, அய்யனார் கோயில் ஆத்துல விட்டுட்டு வாரேன்" என்று வேல்பாண்டி கை நீட்டினார். அவள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கல்பனா அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் தட்டு சுற்றத் தொடங்கியது. ரத்தினத்தின் குரல். வயலின். மிருதங்கம்.

அவற்றுக்குப் பின்னால், இதுவரை இல்லாத ஒரு ரீங்காரம்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒருத்தி உட்கார்ந்து தந்தியை வருடுகிறாள்.

ஈர மஞ்சள் வாசனை அடுப்படிவரை வந்தது.

கல்பனா தொண்டையைத் தடவினாள். உள்ளே யாரோ நூலைக் கட்டி மெல்ல இழுக்கிற மாதிரி இருந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டாள்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே முன்னறைக்குப் போனாள். தம்புரா மூலையில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் நான்கு தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடுங்கின. அதன் அருகில் விரித்திருந்த கோரைப்பாய், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு நடுவில் அமுங்கியிருந்தது.

வேல்பாண்டி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தோளைத் தொட்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

"ஸ்ஸ். கேளு."

பாட்டு முடிந்ததும் குரல் திரும்பியது, ஆனால் பாதிதான். அடுத்த நாள் கால்வாசி. அவர் தினமும் போட்டார். அங்கன்வாடியில் டீச்சர் குரல் தவளை மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் முதலில் சிரித்தன, பிறகு பயந்து கிட்டே வரவில்லை. தொண்டை டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆவணி முடிவதற்குள் குரல் போய், மூச்சும் இழுக்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் உட்கார வேண்டியிருந்தது. செத்துப்போவோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அவரிடம் சைகையில் சொல்லிப் பார்த்தாள். "சளியா இருக்கும், சுக்கு வச்சுக் குடி" என்று சொல்லிவிட்டு கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார்.

ஒருநாள் காலையில் அவள் தனியாகவே பஸ் ஏறி மடவார் வளாகம் போனாள். கதவைத் திறந்த பரிபூரணம், இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"செஞ்சுட்டாரா?" என்றாள்.

கல்பனா என்னவென்று கையால் கேட்டாள்.

"அந்தத் தட்டுல தம்புரா போட்டது எங்கம்மா சுந்தரம்மா" என்றாள் பரிபூரணம் தணிந்த குரலில். "தந்திக்கும் அதத் தாங்குற குதிரைக் கட்டைக்கும் நடுவுல சின்னதா நூல் வப்பாக, ஜீவான்னு பேரு. அது வச்சாத்தான் நாதம் வரும். சாதாரண நூல் எங்கப்பாவுக்குப் பத்தல. அம்மா கழட்டிக் குடுத்த தாலிக்கயித்தப் பிரிச்சு அந்த நூல வச்சாரு. தம்புரா பேசுச்சு. அம்மாவுக்கு மொதல்ல குரல் போச்சு. பொறவு மூச்சு. அம்மா செத்த அன்னைக்கு, தட்டுல இருந்தும் தம்புராச் சத்தம் போயிருச்சு."

கல்பனா வலுவெல்லாம் திரட்டிக் காற்றாகக் கேட்டாள். "அவியளுக்கு... தெரியுமா?"

"எல்லாத்தையும் சொல்லித்தான் குடுத்தேன் தாயி. தெரிஞ்சா எந்தப் புருசனும் செய்ய மாட்டான்னு நெனச்சேன்." பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா போன பொறவு எங்கப்பா எனக்கு அவசர அவசரமா மாப்பிள்ள பாத்தாரு. நான் கல்யாணமே வேண்டாம்னுட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சு கல்பனாவின் மனசில் ஏறவில்லை. அவளுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு நைந்துபோச்சு என்று சொன்னாரே. அதைச் சொன்னார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, பாவி நான். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜபாளையம்வரை அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நேரே மூலைக்குப் போனாள். தம்புராவின் குதிரையில், தந்திகளுக்கு அடியில், மஞ்சள் ஏறிய நூல்கள். அவளுடையது. வேல்பாண்டி எழுவதற்குள் ஒவ்வொன்றாக உருவினாள். உருவும்போது அவளுடைய கைக்குமேல் இன்னொரு கை படிந்தது. சில்லென்று ஈரமாக இருந்தது. அது தடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. சும்மா படிந்திருந்தது.

கடைசி நூல் வந்ததும் ரீங்காரம் நின்றது. ரத்தினம் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுன?" என்று வேல்பாண்டி அலறினார்.

"நான் சாகப் போறேன்னு தெரிஞ்சே கேட்டுக்கிட்டிருந்தீயளா?" குரல் வந்துவிட்டது. கரகரவென்று இருந்தாலும் அவள் குரல்.

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "நாலு நாளு கேட்டுட்டு எடுத்துரலாம்னுதான் நெனச்சேன். அந்த நாதம் விட மாட்டேங்குது கல்பனா. நீ அதச் சரியாக் கேட்டிருக்கியா?"

"முப்பது வருசமா என் சத்தத்த ஒருநாளு நீங்க கேட்டிருக்கீயளா?"

அவர் குழந்தை மாதிரி அழுதார். அவள் காலைக்கூடத் தொட வந்தார். "கனகா மேல சத்தியம். இனிமே அதத் தொட மாட்டேன்" என்றார். அவள் கண் முன்னாலேயே தட்டையும் தம்புராவையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். நூல்களைக் கல்பனா தானே கொண்டுபோய் ஆற்றில் விட்டாள். பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள்தான். மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். மூச்சு சீரானது. பிள்ளைகள் மறுபடியும் மடியில் ஏறின. மகள் மேல் சத்தியம் செய்த மனிதரை எத்தனை நாளைக்குத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது?

கனகாவுக்குத் தாலி பிரித்துக் கோர்ப்பதை மூன்றாம் மாதம் ஆடியில் வைக்க முடியாது என்று ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளியிருந்தார்கள். புரட்டாசியில் ஒரு நல்ல நாளில் கல்பனாவும் வேல்பாண்டியும் சீர்த்தட்டோடு கான்சாபுரம் போனார்கள். மருமகன் வல்லரசு போலீஸ்காரன், லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். சுமங்கலிகள் சூழ்ந்து உட்கார்ந்து, கல்யாணத்தன்று கட்டிய மஞ்சள் கயிற்றிலிருந்து தாலியைக் கழற்றித் தங்கச் செயினில் கோர்த்தார்கள். கனகா வெட்கத்தோடு சிரித்தாள். கல்பனாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வேல்பாண்டி சாப்பிட உட்காரவில்லை. ஊரில் ஒரு வேலை இருக்கிறது என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டார்.

பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் கல்பனா சம்பந்தியம்மாளிடம் போனாள். "மதினி, அந்தப் பழைய கயிறு எங்க? கால் படுற எடத்துல கெடந்துரப் போகுது."

"அண்ணன்தான் வாங்கிட்டுப் போனாங்களே" என்றாள் சம்பந்தியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே. "போற வழியில ஆத்துல விட்டுருதேன்னாங்க. பொண்ணு மேல எம்புட்டுப் பாசம் பாருங்க உங்க வீட்டுக்காரவுகளுக்கு."

பரிபூரணத்துக்கு எதற்காக அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள் என்பது கல்பனாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும்.

எடுத்தார்.

அந்தப் பக்கம் ரத்தினம் பாடிக்கொண்டிருந்தார். வயலின். மிருதங்கம். எல்லாவற்றுக்கும் பின்னால், நிதானமாக, நான்கு தந்திகள்.

"என்னங்க" என்றாள். "உங்க மகளுங்க அவ. உருவிப் போடுங்க. உங்க காலப் பிடிக்கேன்."

"ஸ்ஸ்" என்றார் வேல்பாண்டி. "கேளு."

கொல்லைப்பக்கம் குடம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கல்பனா போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடினாள். கிணற்றடியில் கனகா தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் பிதுங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள்.

சத்தம் அங்கிருந்து வரவில்லை.

காதோடு வைத்திருந்த போனுக்குள், தந்திகளுக்கு நடுவில், கனகாவின் குரல் "அம்மா" என்றது.