மூச்சை விடச் சொல்லவில்லை

ஸ்கேன் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். கட்டிலில் வெள்ளகோவில் விவசாயி குமாரசாமி, வலது கையைத் தலைக்கு மேல் மடக்கிப் படுத்திருந்தார். அவர் கால்மாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி சுப்பாத்தாள். கதவோரம், ரிப்போர்ட் அடிக்கும் சைமன். மெஷினுக்கு முன்னால் டாக்டர் ஜோவிதா.

போன கரண்ட் திரும்பி வந்து, எல்லோரும் இப்படி உட்கார்ந்த பிறகுதான் ஜோவிதா பார்த்தாள். குமாரசாமியின் மார்பு உயர்ந்தே நின்றது.

பல வருடக் கல்லீரல் நோய். உள்ளே ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஊசியில்லாமல் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன். திரையில் மெலிந்த சிவப்பாக ரத்தம் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னாள். அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. அவளும் சைமனும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

'விடுங்க' என்று அவள் சொல்லவில்லை.

"மறுபடியும் பிடிச்சுக்கிட்டீங்களா?"

அவர் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

"அப்பப் புடிச்சதுதானுங்க டாக்டரம்மா," என்றாள் சுப்பாத்தாள். "நீங்க சொல்லாம உடுவாருங்களா? கல்யாணமாகி இன்னைக்குத்தான் வாயை மூடிக் கெடக்கறாரு. நல்ல வைத்தியமுங்க!"

சைமன் சிரித்தான்.

ஜோவிதா சிரிக்க முயன்றபடி, குளிர்ந்த ஜெல்லின் மருந்து வாடையும், ஈரத்துண்டின் புழுக்க வாடையும், அவற்றுக்கு அடியில் வேறேதோ இனிப்பாக அழுகியதும் மூக்கில் ஏற, கருவியை அவர் விலாவுக்குக் கீழே வைத்தாள். ரத்தக்குழாய் தெரிந்தது. அதற்குள் நிறமில்லை. ஸ்பீக்கரைக் கூட்டினாள்; காற்றடிப்பது போல முன்பு கேட்ட ஓட்டத்தின் சத்தம் இல்லை, வெறும் இரைச்சல்.

மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும். கருவியைத் துடைத்துத் தன் கழுத்தில் வைத்தாள். திரை சிவந்து துள்ளியது. திம், திம், திம். அங்கிருந்து எடுத்து, அவர் நெஞ்சுக்குக் கொண்டுபோனாள்.

கறுப்பு.

இதயம் தெரிந்தது. அசையவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. தோல் ஜெல்லைவிடக் குளிர்ந்திருந்தது. மஞ்சள் பாய்ந்த அந்தக் கண்கள் அவள் உதட்டையே பார்த்தன. பொறுமையாக. மரியாதையாக.

அவருக்குள் மிஞ்சியிருந்தது அந்த ஒரு மூச்சுதான். அவள் சொன்னால் விட்டுவிடுவார்.

விட்டால்?

"முடிஞ்சுதுங்களா மேடம்?" சைமன் கேட்டான்.

தலையாட்டினாள். வாய் திறக்கப் பயம். ஜாடையில் எழுந்திருக்கச் சொன்னாள். குமாரசாமி எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். புடைத்த மார்பின் மேல் ஒரு பொத்தான் எட்டவில்லை.

பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'உடனே அனுமதிக்கவும்.' வேறு என்ன எழுத? சைமன் படங்களையும் அதையும் கவரில் போட்டுப் பசை தடவி ஒட்டினான். சுப்பாத்தாள் வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். வாசலில் நின்றாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, மூச்சை உடச் சொல்லவேயில்லீங்களே. பாவம், நானே சொல்லிப்போடட்டுங்களா?"

வேண்டாம். வேண்டாம். ஜோவிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது. இடுக்கில், குமாரசாமி அவளையே திரும்பிப் பார்த்தபடி நின்றார். அவர் காதருகே சுப்பாத்தாள் எக்கினாள். அவள் உதடு பிரிந்தது.