வாலு வாங்கிய அடாப்டர்

வாலுவுக்கு வயிறு எரிந்தது. கொஞ்சநஞ்சமல்ல, திகுதிகுவென்று எரிந்தது.

பின்னே என்ன? வெளிநாட்டில் நடக்கும் வினாடி வினாப் போட்டிக்கு அக்கா தேர்வாகியிருந்தாள். நாளைக் காலை விமானம். அதற்காக வீட்டில் நடந்த அமர்க்களம் இருக்கிறதே, அப்பப்பா! அக்காவுக்குப் புதுப் பெட்டி, புது ஸ்வெட்டர், புது ஷூ. வாலுவுக்கு என்ன கிடைத்தது? ஷூ வந்த அட்டைப்பெட்டி.

“நானும்தானே போட்டிக்குப் பேர் குடுத்தேன்?” என்று சிணுங்கினாள் வாலு.

“குடுத்தே, குடுத்தே. முதல் கேள்விக்கே ‘தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்’னு சொன்னியாமே!” என்றாள் அம்மா.

“நிஜமாவே தெரியும்மா!”

இப்படிப்பட்டவளை வாலு என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அப்போது அப்பா வேலை முடிந்து வந்தார். அவர் பஸ் ஓட்டுபவர். வரும் வழியில் கடைக்குப் போய் ஓர் அடாப்டர் வாங்கி வந்திருந்தார்.

“ஒவ்வொரு நாட்டுலயும் சுவர்ல இருக்கிற ஓட்டை ஒவ்வொரு மாதிரி. நம்ம பிளக் அங்க போகாது. நடுவுல இது இருந்தாத்தான் போகும்” என்று எல்லாம் தெரிந்தவர்போல விளக்கினார்.

அது அக்காவுக்குக் கட்டாயம் வேண்டும். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் சின்ன மிஷின் மாட்டியிருப்பாள். தினமும் இரவு அவற்றைக் கழற்றி, ஒரு டப்பாவில் வைத்து சார்ஜ் போட்டால்தான் மறுநாள் வேலை செய்யும். சார்ஜ் இல்லையென்றால் மேடையில் கேட்கிற கேள்வி அவள் காதில் விழாது. கேள்வியே விழாவிட்டால் பதில் எப்படிச் சொல்வது?

அப்பா அடாப்டரைச் சுவரில் செருகினார். டக்கென்று போய் உட்கார்ந்தது.

“பார்த்தீங்களா? எவ்வளவு கச்சிதமா போகுது!”

அம்மா கை தட்டினாள். அக்காவும் சிரித்துக்கொண்டே தட்டினாள். அடாப்டர் பெட்டிக்குள் போனது.

வாலு மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். நம் வீட்டுச் சுவரில் போகிறது என்றால், அந்த ஊர்ச் சுவரில் எப்படிப் போகும்? சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அம்மா அக்காவின் தலையைக் கோதி, “இந்த வீட்டுக்கே நீதான்டி பெருமை” என்றாள்.

வாலு வாயை இறுக மூடிக்கொண்டாள். ‘வீட்டுக்கே இவதான் பெருமையா? அப்ப நான் என்ன, பக்கத்து வீடா? ஒண்ணும் சொல்ல மாட்டேன். அங்க போய் முழிக்கட்டும்!’

சற்று நேரத்தில் அக்கா குளித்துவிட்டு வந்தாள். ஈரக் காதில் மிஷின் போடக் கூடாது. அதனால் வெறும் காதோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாலு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“எல்லாம் உனக்குத்தான்! விமானம் உனக்கு, ஸ்வெட்டர் உனக்கு! எனக்கு உன்னைப் பிடிக்கவே இல்லை!” என்று கத்தினாள்.

அக்கா திரும்பவே இல்லை. அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். உடனே வாலுவின் கை தானாக நீண்டு அக்காவின் தோளைத் தட்டியது. மிஷின் இல்லாத நேரத்தில் யார் கூப்பிட்டாலும் தட்டிச் சொல்வது வாலுவின் வேலை.

“அம்மா கூப்பிடறாங்களா?” அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வாலு அப்படியே நின்றாள். அங்கே மிஷினில் சார்ஜ் இல்லாமல் போனால் இவளை யார் தட்டுவார்கள்? கேள்வி கேட்பார்கள். இவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பதில் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கா தெரியாது! நினைக்கும்போதே வாலுவுக்கு அழுகை முட்டியது.

ஒரே ஓட்டமாக அப்பாவிடம் ஓடினாள். “அப்பா! அந்த அடாப்டர் தப்பு!”

“போட்டுக் காட்டினேனே, கச்சிதமா போச்சே?”

“நம்ம வீட்ல போனாத்தாம்பா தப்பு! அக்கா என்ன நம்ம வீட்லயா தூங்கப் போறா?”

வாலு அக்காவின் சார்ஜரை எடுத்து அடாப்டரில் செருகிப் பார்த்தாள். பிளக்கின் கால் ஓரிடம், ஓட்டை ஓரிடம். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சார்ஜரையும் கையோடு எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் பறந்தார்கள். கடைக்காரர் கதவை அடைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

“அந்த ஊர் பிளக்குக்குன்னு கேட்டீங்க, குடுத்தேன். இது அவங்க இங்க வந்தா போடறது. நீங்க அங்க போறதுக்கு வேற” என்று இன்னொன்றை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கிப் பையில் போடப் போனார்.

“இருங்கப்பா!” வாலு சார்ஜரை அதில் செருகி ஆட்டினாள். “தொளதொளன்னு இருக்கு. ராத்திரி கழண்டு விழுந்தா? வேற குடுங்க.”

அடுத்தது இறுக்கமாகப் பிடித்தது. கடைக்காரர் சார்ஜரைத் திருப்பி அதன் முதுகில் இருந்த எழுத்தைப் படித்தார். “இது எந்த நாட்டு கரன்ட்டையும் தாங்கும். பயமில்லை.”

“இப்ப அடாப்டரை உங்க சுவர்ல போடுங்க” என்றாள் வாலு.

கடைக்காரர் அழுத்தினார். திருப்பி அழுத்தினார். போகவே இல்லை.

“போகலை! போகவே இல்லை! இதுதான் சரி!” என்று குதித்தாள் வாலு. சுவரில் போகாத பொருளுக்கு இப்படிக் குதிக்கும் ஆளைக் கடைக்காரர் அன்றுதான் பார்த்தார்.

அக்கா ஊருக்குப் போய், முதல் சுற்று முடிந்த அன்று போனில் முகம் பார்த்துப் பேசினாள்.

“ஜெயிச்சுட்டேன்! எல்லாக் கேள்வியும் நல்லா கேட்டுச்சு. இதைப் பாரு வாலு.” போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அடாப்டரில் செருகியிருந்த காலி டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. “என்கூடத் தங்கியிருக்கிற பொண்ணு அடாப்டரே எடுத்துட்டு வரலை. பாவம். அவ போனுக்கும் இதைத்தான் குடுக்கறேன்.”

வாலுவின் முகம் சட்டென்று மாறியது. “யாரு அவ? அவளுக்கு ஏன் குடுத்தே? அவ உனக்கு ரொம்ப ஃபிரண்டா?”

அக்கா சிரித்தாள்.

“சிரிக்காதே! ராத்திரி முதல்ல உன் மிஷின், அவ போன் அப்புறம். அது என் அக்காவுக்குன்னு நான் பார்த்து வாங்கினதுன்னு அவகிட்ட சொல்லு!”