நட்சத்திரத் துளை

"நானும் அவனை அடிச்சேன் சார். செங்கல்லால, வாயிலயே."

டிக்கெட் பரிசோதகரின் மனைவி, ரயில்வே இன்ஸ்பெக்டரின் மேசைமேல் இரத்தம் காய்ந்த ஒரு டிக்கெட்டை வைத்தாள்.

முந்தின நாள் பகலில், நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து அவள் கணவரை யாரோ தள்ளிவிட்டார்கள். மண்டை பிளந்து செத்தார். டிக்கெட் இல்லாமல் வந்த கொத்தனார்தான் தள்ளினான் என்று சக பரிசோதகர் கத்த, நடைமேடைக் கூட்டம் அவனை மிதித்தது. கணவருக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த அவளும் சேர்ந்துகொண்டாள்.

"அவன் சட்டைப் பையிலேருந்து விழுந்துச்சு. பாருங்க, நட்சத்திர ஓட்டை. என் வீட்டுக்காரர் டிக்கெட்ல ஓட்டை போடுற பஞ்ச்."

"சக பரிசோதகரோடது?"

"வட்டம்."

பெண் கான்ஸ்டபிள் துள்ளி எழுந்தாள். "அப்ப டிக்கெட் பார்த்து முடிச்சாச்சு! எதுக்கு சார் சண்டை?"

"அதான் கேள்வி. வா."

பிணவறையில், செத்தவரின் மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்ச் கருவியின் வாயில் தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில், தாடை நொறுங்கிக் கிடந்த கொத்தனாரின் கைகளில் சிமெண்ட் வெடிப்புகள் மட்டுமே.

ஓய்வறையில் சக பரிசோதகரின் கையில் கட்டு இருந்தது.

"டீ கொட்டிடுச்சு சார்."

"அவிழுங்க."

அவர் இரும்பு முக்காலியைத் தூக்கி கான்ஸ்டபிளின் நெற்றியில் அடித்துவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் அவர் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்தினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. கட்டு நழுவியது. கட்டைவிரல் இடுக்கில் நட்சத்திர வடிவில் ஓட்டை.

"கடைசிப் பெட்டி உங்க பொறுப்பு. டிக்கெட் இல்லாதவங்ககிட்ட பாதிக் காசு வாங்கிட்டு அதுல ஏத்துனீங்க. நேத்து செத்தவர் அங்க வந்துட்டார். கழுத்தைப் பிடிச்சீங்க, அவர் பஞ்ச் கருவியால உங்க கையைக் கடிச்சார், தள்ளிவிட்டுட்டீங்க."

நெற்றியில் கைக்குட்டையை அழுத்தியபடி கான்ஸ்டபிள் கேட்டாள்: "பெட்டி நிறைய ஆளு இருந்தாங்களே சார், ஒருத்தர்கூட சொல்லலையே?"

"எவன்கிட்டயும் டிக்கெட் இல்லை. எப்படி வாயைத் திறப்பான்? டிக்கெட் வெச்சிருந்தவன் கொத்தனார் ஒருத்தன்தான். அதனாலதான் இவர் கூட்டத்தை அவன்மேல ஏவிவிட்டார்."

முகம் சுவரில் நசுங்கியபடி அவர் முனகினார். "அவன் பேசிடுவான்னு பயந்தேன்."

மாலையில் செத்தவரின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் கிடந்தவனின் உதடுகள் தையலில் வீங்கியிருந்தன.

"வாயில அடிச்சது நான்தான்," என்றாள்.

அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.