படிக்காத நான்காம் பக்கம்

மழை விட்ட சாயங்காலம் குணாளன் பாமாயில் ஆலையிலிருந்து வீடு திரும்பியபோது, மனைவி ரோகினி நடந்துகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து கூடத்துக்கு. மூட்டுவலியால் ஆறு வருஷமாகச் சுவரைப் பிடித்தே நகர்ந்தவள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் காலையில் அவன் வாங்கி வைத்த ரொட்டி சானாய் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

"எப்பலேர்ந்து நடக்கிற?"

"நீங்க வேலைக்குப் போனதுலேர்ந்துங்க. வலியே இல்லலா!"

மூன்று வாரத்துக்கு முன், புது மருந்தைச் சோதிக்கும் குழு ஒன்று அவர்கள் ஊரான ரந்தாவுக்கு வந்து மலாயில் நான்கு பக்கத் தாளை நீட்டியது. அவளுக்கு மலாய் படிக்க வராது. பசி எரிச்சலில் அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான், மற்றதைப் புரட்டினான். "படிச்சிட்டேன். வலிக்கு மருந்துதான், கையெழுத்துப் போடு" என்றான். போட்டாள். அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

இப்போது அந்தத் தாளைத் தேடி எடுத்தான். சன்னல் வழியே ஆலைப் புகையின் புளித்த வாடை வந்து ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ள, முதுகுக்குப் பின்னால் அவள் பாதங்கள் சிமெண்டுத் தரையில் போய்ப்போய்த் திரும்ப, அவன் எழுத்துக் கூட்டினான். இது சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி. உடல் முழுவதும் வலி உணர்வு மறையலாம். காயம் தெரியாமல் போகலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

நான்காம் பக்கத்தின் கீழே இருந்த எண்ணுக்கு அழைத்து, அவளை விலக்கிவிடச் சொன்னான்.

"அவங்களே சொல்லணும் அங்கிள்" என்றாள் போனில் ஒரு பெண். "அவங்க விருப்பம்லா அது."

போனை வைக்காமலே அடுப்படிப் பக்கம் திரும்பினான். "ரோகினி, அன்னைக்கு நான் படிக்கவே இல்ல. பொய் சொல்லிட்டேன். வேணாம்னு சொல்லிடும்மா."

உள்ளிருந்து சிரிப்பு வந்தது. "மறுபடியும் செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நடக்கணுமா நான்?"

நடைச் சத்தம் மாறியிருந்தது.

ஒரு பாதம் பதிந்தது. மற்றது இழுபட்டது. ஈரமாக.

"உக்காரு, ரோகினி."

"தோ வந்துட்டேங்க."

வெளிச்சத்துக்கு வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. வலது பாதம் கணுக்காலோடு மடிந்து, உள்ளங்கால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊன்றியது எலும்பு.

அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நான் விலகலம்மா. ரொம்ப நல்லாருக்கு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு இடையே போகும் சாலையில் இறங்கி நடந்தாள்.

வேகமாக.