பதிமூன்றாவது குரல்

பன்னிரண்டு என்று அக்போத்தா தன் எண்ணைச் சொன்னாள். கணக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ நிதானமாக "பதிமூணு" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தாள். இருபுறமும் சிவப்புப் பாறைச் சுவர், நடுவே அவர்கள் நடந்து வந்த மணல் தடம், அதன் மேல் அக்டோபர் வெயில். ஆள் யாருமில்லை. முன்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

வகுப்புத் தலைவியானதிலிருந்து அவளுக்கு இந்தச் சிரிப்பு பழகிப்போயிருந்தது. போன வசந்தத்தில் பள்ளிச் சுற்றுலாவின்போது ஏரிக்கரையில் தூங்கிப்போன வகுப்புத் தோழி தில்னாஸை விட்டுவிட்டு எழுபது கிலோமீட்டர் வந்துவிட்டார்கள். பழி முழுக்க அக்போத்தா தலையில் விழுந்தது. இன்று முழங்கால் வலியோடு பேருந்திலேயே தங்கிவிட்ட ஆசிரியை குல்பரம் ஆப்பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: நாலு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வந்து சேர வேண்டும், ஒரு ஆள் குறைந்தாலும் என் முகத்தில் விழிக்காதே.

ஆட்களை விரல் நீட்டி எண்ணுவது அவர்கள் பக்கம் ஆகாது. அதனால் அரை மணிக்கொரு தரம் வரிசையில் அவரவர் எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். முதலில் ஒல்ஜாஸ், கடைசியில் அவள்.

இது ஒல்ஜாஸ் வேலைதான். பள்ளத்தாக்கில் குரலை எப்படியோ எதிரொலிக்க விட்டு அவள் உயிரை வாங்குகிறான். அவனை இழுத்து வந்து தனக்கு நேர் முன்னால் பதினோராவது ஆளாக நிறுத்தி, மறுபடி எண்ணச் சொன்னாள். இப்போது வரிசையில் முதலாவதாக நின்ற தில்னாஸ் தொடங்கினாள். ஒல்ஜாஸ் பதினொன்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். அந்த வாயையே பார்த்தபடி அக்போத்தா தன் எண்ணைச் சொன்னாள்.

"பதிமூணு."

முன்பைவிடப் பக்கத்தில். சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த இடத்தில் ஈரமண் வாசனை அடித்தது.

"நான் இல்ல. சத்தியமா இல்ல," என்றான் ஒல்ஜாஸ். "இனிமே எண்ண வேணாம். இப்படியே போயிரலாம்."

எண்ணாமல் போய் இன்னொருத்தியைத் தொலைக்கவா? காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சலெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. வெறும் தடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"சரி, நீயும் வா. வரிசையில நில்லு. உன்னையும் சேத்துக்கறேன்."

ஒல்ஜாஸின் முகம் வெளிறிவிட்டது. "கூப்பிட்டுட்டியே," என்றான். "நாமளே வான்னு கூப்பிட்டவங்கள அப்புறம் போன்னு சொல்ல முடியுமா?"

அவள் அவனை முன்னால் தள்ளி நடக்கச் சொன்னாள்.

அதற்கப்பால் பாதை ஓர் ஆள் மட்டும் நுழையும் இடுக்காகச் சுருங்கி, பாறையைச் சுற்றிச் சுற்றி வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் ஒல்ஜாஸின் முதுகு மறைந்து மறைந்து தெரிந்தது, சரளைக்கற்கள் நொறுங்கும் சத்தமும் யாரோ இருமும் சத்தமும் முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தன. ஒரு வளைவில் முதுகு தெரியவில்லை. அடுத்ததிலும் தெரியவில்லை. சரளைச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

ஓடினாள். இடுக்கு முடிந்து வெட்டவெளி வந்தது. சாயும் வெயில் அவள் முதுகில். எதிரே பேருந்து வரைக்கும் மணல். ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"எண்ணுங்க," என்றாள். குரல் உடைந்தது. "எல்லாரும் எண்ணுங்க."

"ஒண்ணு."

தில்னாஸின் குரல். பின்னாலிருந்து.

"ரெண்டு."

பின்னாலிருந்து. மூன்று. நான்கு. எல்லாம் தெரிந்த குரல்கள். எதிலும் மூச்சு வாங்கவில்லை. பதினொன்று என்றான் ஒல்ஜாஸ், அவள் பிடரிக்கு அருகில்.

அப்புறம் அமைதி. அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது.

"பன்னெண்டு."

அவளுடைய குரல். அதே எரிச்சல். அவள் வாய் திறக்கவில்லை.

மணலில் அவளுக்கு முன்னால் நீண்டு கிடந்த நிழல் மெல்லத் திரும்பியது. அவள் கால்களை விட்டுப் பிரிந்து, அவளைத் தாண்டி, பின்னால் போய் வரிசையில் நின்றது.